தட்டப்படாத கதவுகள்

ஒன்ராறியோ மாகாணத்தின் 444 ஊர்களுக்கும் ஒரே தேர்தல் நாள்: 2026 ஒக்டோபர் 26. சென்ற முறை மூவரில் ஒருவர்தான் வாக்களித்தார். வராத இருவரின் தெருக்களுக்கு என்ன நேர்கிறது?

2018 செப்டெம்பர் 17. திங்கட்கிழமை பிறந்து ஒரு நிமிடம்தான் ஆகியிருந்தது. ரொறன்ரோவின் நடுவே, குயின்ஸ் பார்க் என்று எல்லோரும் சொல்லும் ஒன்ராறியோ சட்டமன்றத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நள்ளிரவு 12.01க்குச் சபை கூடியது. பார்வையாளர் மாடத்தில் இடம் கிடைக்குமா என்று வெளியே இருட்டில் சனம் வரிசையில் நின்றது. அதற்கு ஐந்து நாள் முன்னர்தான் அதே மாடத்தில் எழுந்து கத்தியவர்களைக் கைவிலங்கிட்டு வெளியேற்றியிருந்தார்கள். அவர்களில் முதியவர்களும் இருந்தார்கள்.

இத்தனையும் ஒரு நகரசபைக்காக. ரொறன்ரோவுக்கு 47 உறுப்பினர்களா, 25 உறுப்பினர்களா என்பதுதான் வழக்கு. 47 வட்டாரங்களுக்கென்று வேட்பாளர்கள் வீடு வீடாக ஏறி இறங்கத் தொடங்கியிருந்தார்கள். வேட்புமனு முடிகிற நாளான யூலை 27 அன்று மாகாண முதல்வர் டக் போர்ட், சபையை 25 ஆகக் குறைக்கப்போவதாக அறிவித்தார். சட்டமும் வந்தது. செப்டெம்பர் 10இல் நீதிபதி எட்வர்ட் பெலொபாபா அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். உரிமைச் சாசனத்தையே விலக்கிவைக்க இடம்கொடுக்கும் பிரிவைக் கையில் எடுப்பேன் என்று முதல்வர் அன்றைக்கே சொன்னார். ஒன்ராறியோவில் அதுவரை எந்த முதல்வரும் அந்தப் பிரிவைத் தொட்டதில்லை. நள்ளிரவுக் கூட்டம் அதற்காகத்தான். கடைசியில் அது தேவைப்படவில்லை. இரண்டு நாளில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. 2021இல் உச்ச நீதிமன்றமும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மாகாணத்தின் பக்கமே நின்றது.

அந்த நள்ளிரவிலிருந்து சரியாக ஐந்து வாரம் கழித்துத் தேர்தல் நடந்தது. நகரமே கொதித்துக் கிடந்த அந்த ஆண்டில் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 41 சதவீதம். அதற்கடுத்த தேர்தலில், 2022இல், 30 சதவீதம்கூட இல்லை.

சபையின் நாற்காலிகளைப் பாதியாக வெட்டியது மாகாணம். வாக்காளர்களைப் பாதிக்கும் கீழே வெட்டியது யார்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைத் தேடிப் போகிறது. வாக்குச் சாவடிக்கு வராதவர்களைக் குறைசொல்வது என் நோக்கமில்லை. அவர்கள் வராததால் நகரத்தின் வரைபடம் எப்படி மாறுகிறது என்பதைக் காட்டுவதே நோக்கம்.

கதவுக்கு அருகே இருக்கும் அரசு

கனடாவில் மூன்று அரசுகள் நம்மை ஆள்கின்றன. ஒட்டாவாவில் இருப்பது வெளிநாட்டுக் கொள்கையையும் குடிவரவையும் பார்க்கிறது. மாகாணம் மருத்துவமனையையும் பாடசாலையையும் பார்க்கிறது. மூன்றாவது, நகரசபை. காலையில் எழுந்து திரைச்சீலையை விலக்கினால் கண்ணில் படுவதெல்லாம் இந்த மூன்றாவதின் வேலை: பனி அள்ளப்பட்டதா, குப்பை எடுக்கப்பட்டதா, பேருந்து வந்ததா, எதிரே உள்ள வெற்றுநிலத்தில் என்ன கட்டப்போகிறார்கள், குழாயில் வரும் நீருக்கு என்ன கட்டணம். காவல்துறைக்கு எவ்வளவு பணம், நூலகம் ஞாயிறு திறக்குமா, வீடற்றவருக்குப் படுக்க இடம் உண்டா என்பதும் இதே சபையின் மேசைக்குத்தான் வருகின்றன.

இதற்கெல்லாம் முதன்மையான பணம் சொத்துவரி. ரொறன்ரோவில் குடியிருப்புச் சொத்துவரி 2024இல் 9.5 சதவீதம் ஏறியது. 2025இல் 6.9 சதவீதம். வாடகைக்கு இருப்பவர் இந்த வரிச்சீட்டைக் கண்ணால் காண்பதில்லை. ஆனால் அது அவருடைய வாடகைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

இவ்வளவு பொறுப்பைச் சுமக்கும் நகரசபைக்கு அரசியலமைப்பில் சொந்தமாக ஓர் இடமும் இல்லை என்றே சொல்லலாம். 1867ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, ஊராட்சி அமைப்புகளை முழுக்க மாகாணங்களின் கையில் கொடுத்தது. மாகாணம் நினைத்தால் ஊரைச் சேர்க்கலாம், பிரிக்கலாம், சபையைச் சுருக்கலாம். ஸ்காபரோ ஒரு காலத்தில் தனி நகரம். 1997 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் முக்கால்வாசிப் பேர் இணைப்பு வேண்டாம் என்றார்கள். 1998 சனவரி 1 அன்று ஸ்காபரோ உட்பட ஆறு ஊராட்சிகள் ஒரே ரொறன்ரோ ஆயின. அண்மைக் காலத்துக்கு வந்தாலும் அதே கதைதான்: பாடசாலைகளுக்கு அருகே நகரசபைகள் பொருத்திய வேகக் கமராக்களை 2025 நவம்பர் 14 முதல் மாகாணம் தடைசெய்துவிட்டது.

மேலிருந்து இப்படி அழுத்தப்படும் சபைக்குக் கீழேயிருந்து கிடைக்கக்கூடிய ஒரே பலம் வாக்காளர் பலம். அதுவும் இல்லாதபோது அந்தச் சபையின் குரல் யார் காதில் விழும்?

■ பெட்டி: எண்களில் ஒன்ராறியோ

• ஊராட்சிகள்: 444. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, ஒக்டோபர் மாதத்தின் நான்காவது திங்கட்கிழமை எல்லா ஊர்களுக்கும் ஒரே நாளில் தேர்தல்.
• 2018இல் மாகாணம் முழுவதும் வாக்களித்தவர்கள்: ஏறத்தாழ 38 சதவீதம். 2022இல்: ஏறத்தாழ 33 சதவீதம்.
• ஒப்பீட்டுக்கு: 2022 யூன் மாகாணத் தேர்தலில் சுமார் 44 சதவீதம். 2025 ஏப்ரல் நாடாளுமன்றத் தேர்தலில், நாடு முழுவதிலும், 68 சதவீதத்துக்கு மேல்.
• 2022இல் போட்டியே இல்லாமல் பதவிக்கு வந்த உறுப்பினர்களும் மேயர்களும்: 500க்கு மேல்.

102 பெயர்கள், ஒரு கட்சியும் இல்லை

2023 பெப்ரவரியில் ரொறன்ரோ மேயர் ஜோன் ரோறி பதவி விலகுவதாக அறிவித்தார். அந்த யூன் 26இல் இடைத்தேர்தல். வாக்குச்சீட்டைக் கையில் வாங்கியவர்கள் ஒரு கணம் திகைத்தார்கள். அதில் 102 பெயர்கள் இருந்தன. எந்தப் பெயருக்குப் பக்கத்திலும் கட்சி இல்லை, சின்னம் இல்லை.

வான்கூவரிலும் மொன்றியலிலும் நகரசபைக்குக் கட்சிகள் உண்டு. ஒன்ராறியோவில் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இடம்பெறுவதில்லை. ஊர் விவகாரத்தில் கட்சிச் சண்டை வேண்டாம் என்ற நல்ல எண்ணம் இதன் பின்னால் இருக்கிறது. விளைவு வேறு விதமாக இருக்கிறது. யார் எந்தப் பக்கம் என்று அறிய வாக்காளர் தானே தேடிப் படிக்க வேண்டும். இரண்டு வேலை பார்க்கிற தாய்க்கோ, நேற்றுத்தான் குடியுரிமைச் சத்தியம் எடுத்தவருக்கோ அந்த நேரம் எங்கே? ஆகவே தெரிந்த பெயர் வெல்கிறது. ஏற்கெனவே பதவியில் இருப்பவரின் பெயர்தான் எல்லாவற்றிலும் தெரிந்த பெயர். மிசிசாகாவில் ஹேசல் மக்கலியன் 1978 முதல் 2014 வரை 36 ஆண்டுகள் மேயராக இருந்தார். ஊருக்காக உழைத்தவர், ஊரும் அவரை நேசித்தது. எதிர்த்து நின்றவர்களை மக்கள் அறிந்துகொள்ளவே வாய்ப்புக் குறைவாக இருந்தது என்பதும் அதே அளவு உண்மை.

பதவியில் இல்லாதவர் வெல்ல வேண்டுமென்றால் வேறெங்காவது பெயர் பெற்றிருக்க வேண்டும். 2022 யூன் மாகாணத் தேர்தலில் தோற்ற இரண்டு கட்சிகளின் தலைவர்கள் அதே ஒக்டோபரில் மேயர்கள் ஆனார்கள்: ஹமில்ற்றனில் அன்ட்ரியா ஹோர்வத், வோனில் ஸ்டீவன் டெல் டூக்கா.

102 பேர் நின்ற தேர்தலில் ஒலிவியா சௌ வென்றார். ஹொங்கொங்கில் பிறந்து 13 வயதில் கனடா வந்தவர். ரொறன்ரோவின் மேயர் நாற்காலியில் வெள்ளையர் அல்லாத ஒருவர் அமர்ந்தது அதுவே முதல் முறை. அவருக்குக் கிடைத்தது 37 சதவீத வாக்கு. வாக்களித்தவர்களோ சுமார் 38.5 சதவீதம். பெருக்கிப் பாருங்கள்: வாக்குரிமை உள்ள நூறு பேரில் 14 பேர் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2022இல் 62 சதவீத வாக்கோடு பெருவெற்றி பெற்றதாகச் சொல்லப்பட்ட ஜோன் ரோறிக்கும் இதே கணக்கில் நூறுக்கு 18 பேர்தான்.

இரண்டாம், மூன்றாம் விருப்பத்தையும் குறிக்கும் விருப்ப வரிசை வாக்கு இந்தக் குறையை ஓரளவு தீர்த்திருக்கும். லண்டன் நகரம் (நம் ஒன்ராறியோ லண்டன்தான்) 2018இல் அதை நடத்திக் காட்டியது. 2020இல் மாகாணம் அந்த வழியையும் அடைத்தது.

■ பெட்டி: மேயரின் கையில் கூடிய பலம்

• 2022இல் ரொறன்ரோ, ஒட்டாவா மேயர்களுக்குக் கூடுதல் அதிகாரம் தரப்பட்டது. பிறகு மற்ற நகரங்களுக்கும் விரிந்தது. 2025 மே 1 முதல் மேலும் 169 ஊர்கள். இப்போது மொத்தம் 216.
• வரவு செலவுத் திட்டத்தை முன்வைப்பவர் மேயர். சபை செய்யும் திருத்தத்தை அவர் நிராகரிக்கலாம். அதைத் தாண்ட சபையில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.
• நகரத்தின் தலைமை நிர்வாகியையும் பல துறைத் தலைவர்களையும் நியமிக்கலாம், நீக்கலாம்.
• மாகாணம் முன்னுரிமை என்று அறிவித்த விடயங்களில், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலான ஆதரவு இருந்தாலே துணைச்சட்டம் நிறைவேறும். மேயரோடு சேர்த்து 26 பேர் கொண்ட ரொறன்ரோ சபையில் 9 பேர் போதும்.
• சிறுபான்மை ஆதரவோடு சட்டம் நிறைவேற்ற மாட்டேன் என்று ஒலிவியா சௌ வாக்குறுதி அளித்தார். ஆனால் சட்டம் ஏட்டில் இருக்கிறது. அடுத்து வருபவர் அதே வாக்குறுதியைத் தர வேண்டுமென்ற கட்டாயம் எதுவும் இல்லை.

ஏழு நிலையங்கள் போன கதை

நகரசபை வாக்கு என் வாழ்க்கையில் என்ன மாற்றிவிடும் என்று கேட்பவர்களை நான் கெனடி நிலையத்துக்கு அழைத்துப் போக விரும்புகிறேன். மாலை ஐந்தரை மணிக்கு, சனவரியில். சுரங்க ரயிலில் வந்து இறங்கும் கூட்டம் பேருந்துத் தரிப்பிடத்தில் நீண்டு நிற்கும். மருத்துவமனையில் துப்புரவு வேலை முடித்தவர்கள், கடைச் சீருடையோடு மாணவர்கள், பொதிவண்டியோடு அம்மம்மாக்கள். 1985 முதல் இங்கிருந்து ஸ்காபரோவுக்குள் ஓடிய சிறு ரயில், 2023 யூலை 24 மாலை தடம் புரண்டது. ஐந்து பேர் காயப்பட்டார்கள். அந்த ரயில் அதன்பின் ஓடவே இல்லை. அந்த நவம்பரில் அதற்கு ஓய்வு கொடுக்கத்தான் போகிறார்கள் என்று முன்பே முடிவாகியிருந்தது. மாற்று வழிதான் தயாராக இல்லை.

ஏன் தயாராக இல்லை? அதற்கு 2013க்குப் போக வேண்டும். பழைய ரயிலுக்குப் பதில் ஏழு நிலையங்கள் கொண்ட இலகு ரயில் கட்டுவதென்று மாகாணத்தோடு ஒப்பந்தமே இருந்தது. செலவையும் மாகாணம் ஏற்றிருந்தது. ஆனால் ஸ்காபரோவுக்கு மட்டும் ஏன் சுரங்க ரயில் இல்லை என்ற கேள்வி எழுந்தது. அது நியாயமான ஆதங்கம். அதைத் தேர்தல் முழக்கமாக்கினார்கள். 2013 ஒக்டோபரில் நகரசபை 24க்கு 20 என்ற வாக்கில் இலகு ரயிலைக் கைவிட்டு, மூன்று நிலையச் சுரங்க ரயிலைத் தேர்ந்தெடுத்தது. அதற்கென்று சொத்துவரியில் தனி உயர்வும் வந்தது. 2016இல் மூன்று நிலையம் ஒன்றானது. 2019இல் மாகாணம் திட்டத்தைத் தன் கையில் எடுத்து மறுபடியும் மூன்றாக்கியது. இன்று நிலத்தடியில் துளைக்கிறார்கள்.

24க்கு 20. அன்று மூன்று உறுப்பினர்கள் மறுபக்கம் கை தூக்கியிருந்தால் முடிவு மாறியிருக்கும். சுரங்க ரயில் சரியா, இலகு ரயில் சரியா என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் நேர்மையான வாதம் உண்டு. எனக்கு வலிப்பது இதுதான்: இந்தப் பேருந்து வரிசையில் நிற்பவர்கள்தான் அந்த முடிவின் விலையைத் தினமும் கட்டுகிறார்கள். முடிவு எடுத்த சபையைத் தேர்ந்தெடுத்த நாளிலோ அவர்களில் பலர் வேலையில் இருந்தார்கள். சிலருக்கு அப்போது வாக்குரிமையே இல்லை.

வீட்டுக்காரரின் நகரம்

நான் ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். 2022 இலையுதிர் காலம் நன்றாக நினைவிருக்கிறது. தெருவுக்கு எதிர்ப்புறம் தனிவீடுகள். ஒவ்வொரு புல்தரையிலும் ஒரு பெயர்ப் பலகை, சிலவற்றில் இரண்டு. சனிக்கிழமைகளில் தொண்டர்கள் கையில் பட்டியலோடு வீடு வீடாகப் போனார்கள். எங்கள் பக்கம் வரவில்லை. எங்கள் தளத்தில் ஒரு வேட்பாளரும் கதவைத் தட்டவில்லை.

கட்டடக் காவலாளி விடமாட்டார் என்பது காரணமாக இருக்க முடியாது. ஒன்ராறியோ சட்டம் தெளிவாகச் சொல்கிறது: காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை, தொடர்மாடியின் ஒவ்வொரு கதவுக்கும் வேட்பாளர் வரலாம். கட்டட உரிமையாளர் தடுக்கக் கூடாது. வாடகைக்கு இருப்பவர் தன் வீட்டுக்குள் தேர்தல் விளம்பரம் வைப்பதையும் தடுக்கக் கூடாது. சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. வராததற்குக் காரணம் கணக்கு. குறைந்த நாள், குறைந்த ஆள். வாக்களிப்பார் என்று தெரிந்த வீட்டுக்கு முதலில் போவதுதான் எந்தப் பரப்புரைக் குழுவின் வழக்கமும்.

இது ஒரு சுழல். வாக்களிக்காத கட்டடத்துக்கு வேட்பாளர் வரமாட்டார். வேட்பாளர் வராததால் அங்கிருப்பவர்களுக்குத் தேர்தல் நடப்பதே தெரியாது. தெரியாததால் அடுத்த முறையும் வாக்களிக்க மாட்டார்கள். இதில் இன்னொரு முடிச்சும் இருந்தது. 2022 வரை நகரசபைத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலின் அடிப்படையைத் தயாரித்தது சொத்து மதிப்பீட்டு நிறுவனம். வீட்டு உரிமையாளரின் பெயர் அங்கே தானாக இருக்கும். அடிக்கடி இடம் மாறும் வாடகைக்காரரின் பெயர் விடுபடுவது வழமையாக இருந்தது. 2024இலிருந்து அந்தப் பொறுப்பு ஒன்ராறியோ தேர்தல் அலுவலகத்துக்கு மாறியிருக்கிறது. மாகாணத் தேர்தலுக்கும் நகரசபைத் தேர்தலுக்கும் இனி ஒரே பதிவேடு. 2026 அதன் முதல் பெரும் சோதனை.

வேலை நேரமும் ஒரு தடை. நாடாளுமன்ற, மாகாணத் தேர்தல்களில் வாக்களிக்கத் தொடர்ச்சியாக மூன்று மணி நேரம் கிடைக்கும்படி முதலாளி விடவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நகரசபைத் தேர்தலுக்கு அப்படி ஒரு சட்டப் பாதுகாப்பு இல்லை. பகல் பத்து மணிக்குத் திறந்து இரவு எட்டுக்கு மூடும் வாக்குச் சாவடிக்கு, இரண்டு நேர வேலை பார்ப்பவர் எப்போது போவார்?

இதன் விளைவு சபை மண்டபத்தில் தெரிகிறது. ரொறன்ரோவின் குடியிருப்பு நிலத்தில் பெரும் பகுதியில் நீண்டகாலம் தனிவீட்டைத் தவிர வேறெதுவும் எளிதில் கட்ட முடியாதிருந்தது. 2023 மே மாதம் நகரம் முழுவதும் நான்கு குடியிருப்புகள் கொண்ட சிறு கட்டடங்களுக்கு இடம் கொடுத்தார்கள். அடுத்த படி ஆறு குடியிருப்புகள். ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசு 471 மில்லியன் டொலர் வீடமைப்பு நிதியோடு அதை எதிர்பார்த்து நின்றது. 2025 யூனில் அது சபைக்கு வந்தபோது, வீட்டு உரிமையாளர்களின் எதிர்ப்புக் கடிதங்களும் வந்து குவிந்தன. முடிவில் 25 வட்டாரங்களில் ஒன்பதுக்கு மட்டும் அனுமதி: பழைய ரொறன்ரோ, ஈஸ்ட் யோர்க் பகுதியின் எட்டும், ஸ்காபரோ வடக்கும். மற்ற வட்டாரங்கள் விரும்பினால் பின்னர் சேர்ந்துகொள்ளலாம்.

தன் தெருவின் அமைதி கெடும் என்று அஞ்சுகிற வீட்டுக்காரரின் பயம் போலியானது இல்லை. அவர் கடிதம் எழுதினார், கூட்டத்துக்குப் போனார், வாக்களித்தார். தன் கடமையைச் செய்தார். அந்த ஆறு குடியிருப்புகளில் ஒன்றில் வாழக்கூடியவர் மண்டபத்தில் இல்லை. அவர் இன்னும் யாரோ ஒருவர் வீட்டின் நிலக்கீழ் அறையில் இருக்கிறார். அவருக்கு அந்தக் கூட்டம் நடந்ததே தெரியாது.

நிலக்கீழ் அறையில் இருப்பவர்களில் பலர் நிரந்தர வதிவிட உரிமையோடு இருப்பவர்கள். வரி கட்டுகிறார்கள், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புகிறார்கள், ஆனால் வாக்கு இல்லை. அவர்களுக்கும் நகரசபைத் தேர்தலில் வாக்குரிமை கொடுங்கள் என்று 2013இலேயே ரொறன்ரோ நகரசபை மாகாணத்தைக் கேட்டது. மாகாணம் கொடுக்கவில்லை. மறுபுறம், இன்னொரு ஊரில் கோடைகால வீடு வைத்திருக்கும் குடியுரிமையாளருக்கு அந்த ஊரிலும் வாக்கு உண்டு. சொத்து இருந்தால் இரண்டு ஊரில் வாக்கு. குடியுரிமை இல்லாவிட்டால், பத்தாண்டு வாழ்ந்தாலும் ஓர் ஊரிலும் இல்லை.

போட்டியே இல்லாத ஊர்கள்

பெருநகரைத் தாண்டிப் போனால் குறை வேறு வடிவம் எடுக்கிறது. 2022இல் மாகாணத்தின் 130க்கும் மேற்பட்ட ஊர்களில் மேயர் பதவிக்கு ஒருவர்தான் மனுப் போட்டார். முப்பதைத் தொட்ட எண்ணிக்கையான ஊர்களில் முழுச் சபையும் போட்டியின்றி அமைந்தது. அங்கே தேர்தல் நாள் என்று ஒன்று வரவே இல்லை.

சிறு ஊரில் நகரசபை உறுப்பினர் வேலை பகுதிநேர வேலை. சம்பளம் சொற்பம். இரவு பத்து மணிக்குத் தொலைபேசி அடிக்கும்: என் வாசலில் பனி வாரும் வண்டி மண்மேடு போட்டுவிட்டது என்று. சமூக ஊடகத்தில் வசை வேறு. யார் துணிந்து வருவார்? வராதபோது, வந்த ஒருவரிடம் எவரும் கேள்வி கேட்பதில்லை. நீர்க்குழாய்களை மாற்ற எப்போது பணம் ஒதுக்குவீர்கள், தீயணைப்பு வண்டி பழசாகிவிட்டதே என்று மேடை போட்டுக் கேட்கும் ஒரு மாதம்தான் தேர்தல் காலம். அந்த மாதத்தை ஊர் இழக்கிறது. இப்படிப் போட்டியின்றி வந்த மேயருக்கும் மேலே சொன்ன கூடுதல் அதிகாரம் இருக்கலாம்.

இணையவழி வாக்களிப்பு வந்தால் எல்லாம் சரியாகும் என்று நம்பினோம். மார்க்கம் நகரம் 2003இலேயே அதைத் தொடங்கியது. 2022இல் 200க்கும் மேற்பட்ட ஊர்களில் இணையத்தில் வாக்களிக்க முடிந்தது. வயதானவருக்கும் தொலைவில் படிக்கும் மாணவருக்கும் அது பெரும் உதவி. ஆனால் மாகாணத்தின் மொத்த எண்ணிக்கை ஏறவில்லை, இறங்கியது. 2018 தேர்தல் மாலையில் 51 ஊர்களில் இணைய வாக்களிப்பு தடுமாறி, பல இடங்களில் நேரத்தை நீட்டிக்க வேண்டியும் வந்தது. வாசலில் வந்து நின்று, 'உங்கள் தெருவுக்கு என்ன வேண்டும்?' என்று ஒரு மனிதர் கேட்பதற்கு ஈடாக எந்தத் தொழில்நுட்பமும் இன்னும் வரவில்லை.

154 வாக்கு

நம்மவர்களின் கதையும் இந்த நகரசபைகளில்தான் தொடங்கியது. 2006இல் லோகன் கணபதி மார்க்கத்தின் ஏழாம் வட்டாரத்தில் வென்றார். கனடாவில் நகரசபைக்குத் தேர்வான முதல் தமிழர் அவர். பின்னர் மாகாண சட்டமன்றத்துக்குப் போனார். யுவனித்தா நாதன் கல்விச் சபையில் தொடங்கி, 2022இல் அதே மார்க்கம் ஏழாம் வட்டாரத்துக்கு வந்து, 2025 ஏப்ரலில் நாடாளுமன்றம் போனார். பார்த்தி கந்தவேள் கல்விச் சபை வழியாக வந்து, 2023 நவம்பரில் ஸ்காபரோ தென்மேற்கு இடைத்தேர்தலில் வென்றார்.

நீதன் சாணின் கதையை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். 2017 பெப்ரவரி இடைத்தேர்தலில் ரொறன்ரோ நகரசபைக்கு வந்தார். மறு ஆண்டே 47 என்பது 25 ஆனது. வட்டாரங்கள் கலைத்துப் போடப்பட்டன. ஸ்காபரோ ரூஜ் பார்க்கில் நின்ற அவர், ஜெனிபர் மக்கெல்வியிடம் 154 வாக்கில் தோற்றார். 2022இல் கல்விச் சபைக்கு மீண்டார். 2025இல் மக்கெல்வி நாடாளுமன்றம் போக, அந்த செப்டெம்பர் 29இல் நடந்த இடைத்தேர்தலில் அதே ரூஜ் பார்க் வட்டாரத்தை வென்றார். 154 வாக்கின் இடைவெளியைக் கடக்க ஏழு ஆண்டுகள்.

இதை ஒரு சமூகத்தின் பெருமைப் பட்டியலாக மட்டும் வாசித்துவிட வேண்டாம். நகரசபையால் என்ன முடியும் என்பதைப் பிரம்டனில் பாருங்கள். 2025 மே 10 அன்று சிங்கூசி பூங்காவில் தமிழின அழிப்பு நினைவுத்தூபி திறக்கப்பட்டது. பூங்கா நகரத்தின் நிலம். அதில் என்ன நிற்கலாம் என்று முடிவு செய்தது நகரசபை. இலங்கை அரசு எதிர்ப்புத் தெரிவித்தது, தூபி நிற்கிறது. முள்ளிவாய்க்காலில் இழந்தவர்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லச் சொந்த ஊரில் இடமில்லாத தாய்மார், இங்கே ஓர் ஊராட்சியின் பூங்காவில் விளக்கேற்றுகிறார்கள். ஒரு சபை கை தூக்கியதால் நடந்தது அது. ஸ்காபரோவின் ஸ்டெயின்ஸ் வீதியில் தமிழ்ச் சமூக மையத்துக்கென்று கேட்ட நிலமும் நகரத்தின் நிலம்தான்.

நினைவுத்தூபிக்காக ஒன்றுசேரத் தெரிந்த நமக்கு, பேருந்துக்காகவும் வாடகைக்காகவும் பக்கத்துவீட்டுச் சோமாலியரோடும் பிலிப்பினரோடும் ஒன்றுசேரத் தெரிய வேண்டும். நகரசபை அதற்கான இடம்.

■ பெட்டி: வாக்களிக்க, போட்டியிட

• வாக்களிக்க: கனடியக் குடியுரிமை, 18 வயது, அந்த ஊரில் வசிப்பிடம். அங்கே சொத்து வைத்திருப்பவர் அல்லது வாடகைக்கு எடுத்திருப்பவர், அவரது துணைவர் ஆகியோருக்கும் வாக்கு உண்டு.
• முகவரியைக் காட்டும் அடையாள ஆவணம் தேவை.
• ரொறன்ரோ நகரம் வாக்காளர் விவரங்களைத் தமிழிலும் வெளியிடுகிறது.
• போட்டியிட: மேயருக்கு 200 டொலர், மற்றப் பதவிகளுக்கு 100 டொலர் கட்டணம். பெரிய ஊர்களில் சபைக்கும் மேயர் பதவிக்கும் நிற்பவர் 25 வாக்காளர்களின் ஆதரவுக் கையெழுத்தும் தரவேண்டும்.
• நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் வேட்பாளருக்குப் பணம் கொடுக்க முடியாது. தனிநபர் ஒரு வேட்பாளருக்கு 1,200 டொலர் வரை கொடுக்கலாம். ரொறன்ரோ மேயர் வேட்பாளருக்கு மட்டும் 2,500.
• வாக்குகள் சமமானால் மறுபடி எண்ணுவார்கள். அப்போதும் சமமென்றால் நகர எழுதுநர் சீட்டுக் குலுக்கி எடுப்பார். அதுதான் சட்டம்.

பத்துக் கதவு

வேட்பாளர் வரட்டும் என்று காத்திருந்தால் இந்தச் சுழல் அறுபடாது. வாக்களிக்கும் கட்டடத்துக்கு அவர் வருவார். ஆகவே முதல் அசைவு கட்டடத்துக்குள்ளிருந்து வரவேண்டும். ஒன்பது மணி முதல் ஒன்பது மணி வரை கதவைத் தட்டும் உரிமையைச் சட்டம் வேட்பாளருக்குக் கொடுத்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

எங்கள் தொடர்மாடியில் பதினாறு தளம், ஒவ்வொன்றிலும் பத்து வீடு. 160 கதவுகள். 2018இல் ஒரு வட்டாரத்தின் ஏழு ஆண்டைத் தீர்மானித்த 154 வாக்கைவிட ஆறு கதவு கூட.

என் தளத்தின் பத்து வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. மூலையில் ஒரு ஆப்கான் குடும்பம். எதிரே, இரவு வேலைக்குப் போகும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர். மின்தூக்கியில் சந்தித்தால் தலையசைப்போம், அவ்வளவுதான். இந்த முறை பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கிறதா, முற்கூட்டி வாக்களிக்கும் நாள் எது என்று கேட்கப் போகிறேன். முதலில் அண்ணனின் கதவு. அவர் பகலில் தூங்குவார். மாலை நாலு மணிக்குப் பிறகு தட்ட வேண்டும்.